கோடை இரவுகளுக்கு எந்தக் கறுப்பு வெள்ளைச் சிரிப்பு?

நியூ ஜெர்சியில் ஜூன் மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தை மூடினால் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் திறப்பார்கள். நடுவில் கிடக்கும் பத்து வாரங்களை ஓட்டுவது பெற்றோர் பாடு. இந்த வருடம் கும்பகோணத்திலிருந்து என் மாமியாரும் வந்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும், யார் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். அந்தத் திரையில் எதைப் போடுவது என்பதில் வழக்கு வந்தது.

பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளை நகைச்சுவைத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு கோடை முழுவதும் பார்க்கலாம் என்றேன். எட்டு வயது மகன், டிவி பழுதாகிவிட்டதா என்று கேட்டான். பன்னிரண்டு வயது மகள் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் விட்டாள். அத்தைக்கு மட்டும் ஆட்சேபம் இல்லை. எண்பதுகளில் பக்கத்து வீட்டுச் சாலிடேர் டிவியில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒளியும் ஒலியும் பார்த்தவர். நிறம் இல்லாத படத்தை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

போட்டியில் நான்கு தொடர்களை நிறுத்தினேன். ஐ லவ் லூசி, தி ஹனிமூனர்ஸ், ஆண்டி கிரிஃபித் ஷோ, டிக் வான் டைக் ஷோ. நான்கும் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தவை. நாளுக்கு ஒன்றாக நான்கு இரவு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தால் உதவும்.

முதலில் கணக்கு. இரவுக்கு இரண்டு பகுதி வீதம் பத்து வாரத்துக்கு 140 பகுதிகள் வேண்டும். லூசியில் 180 இருக்கின்றன. டிக் வான் டைக்கில் 158. ஆண்டி கிரிஃபித்தில் மொத்தம் 249, அவற்றில் முதல் ஐந்து சீசன்களின் 159 பகுதிகளே கறுப்பு வெள்ளை. ஹனிமூனர்ஸ் வெறும் 39. அது மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இந்த 39 என்ற எண்ணுக்கே ஒரு கதை உண்டு. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசனுக்கு 39 பகுதிகள் எடுப்பார்கள். வருடத்தின் 52 வாரங்களில் மிச்சம் 13. அந்தப் பதின்மூன்று வாரமும் கோடை. நடிகர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள், அவர்கள் இடத்தில் ஏதாவது மாற்று நிகழ்ச்சி ஓடும். பார்த்ததையே திரும்பப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் ஒரு காரணம். திரும்பப் போடுவதற்குச் சரியான பிரதியே இல்லை என்பது இன்னொரு காரணம். நியூயார்க்கில் நேரடியாக நடப்பதை டிவி திரையிலிருந்தே படம்பிடித்து மேற்குக் கரைக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரதி மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்.

அதை மாற்றியது லூசி. 1951 அக்டோபரில் தொடர் தொடங்கியபோது லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி அர்னாஸும் நியூயார்க்குக்கு வர மறுத்து, ஹாலிவுட்டிலேயே 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், உண்மையான பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராக்களால் எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடுகிறதே என்று கேட்டதற்கு, எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், படச்சுருள் எங்களுக்குச் சொந்தம் என்றார்கள். ஒருமுறை ஒளிபரப்பான படச்சுருளால் என்ன பயன் என்று நினைத்தவர்கள் சரி என்று கொடுத்துவிட்டார்கள். லூசில் பால் பிரசவ ஓய்வில் இருந்தபோது முந்தைய பகுதிகளையே திரும்பப் போட்டு ஒப்பேற்றினார்கள். மக்கள் அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். பழையதை மறுநாள் காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற ருசி நமக்குத் தெரியும். அமெரிக்க டிவி முதலாளிகளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிஆர்பியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதானால் இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். 1952-53 சீசனில் லூசியின் நீல்சன் சராசரி 67.3. அதாவது டிவி உள்ள நூறு வீடுகளில் அறுபத்தேழு வீடுகள். வேறு எந்தத் தொடரும் ஒரு முழு சீசனுக்கு அந்த உயரத்தைத் தொட்டதில்லை. 1953 ஜனவரி 19 அன்று, கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதியை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டிவியில் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம். ஆனால் அன்றைக்குப் பார்க்கக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சேனல்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊரில் இருந்தது ஒரே கொட்டகை என்றால் ஹவுஸ்ஃபுல் பலகைக்கு மதிப்பு கொஞ்சம் குறைவுதான்.

லீவ் இட் டு பீவர் என்ற இன்னொரு கறுப்பு வெள்ளைத் தொடர் இதற்கு நேர் எதிர். ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய அதே 1957 அக்டோபர் 4 அன்று தொடங்கி ஆறு சீசன் ஓடியும் முதல் முப்பது இடங்களுக்குள் அது ஒருமுறைகூட வந்ததில்லை. இன்றைக்கும் ஏதோ ஒரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே முதல் முறை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோடையில், இரண்டாம் முறை, வேறு வேலை இருந்தும் யார் உட்கார்ந்தார்கள் என்பதே என் அளவுகோல்.

வெள்ளோட்டத்தின் முதல் இரவு லூசி. சாக்லெட் தொழிற்சாலைப் பகுதியைப் போட்டேன், 1952 செப்டம்பரில் வந்தது. லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் வேலைக்குப் போக, கணவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று பந்தயம். கன்வேயர் பெல்ட்டில் வரும் சாக்லெட்டுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். முதலில் பெல்ட் மெதுவாக வருகிறது, இருவரும் நிம்மதியாகச் சுற்றுகிறார்கள். பிறகு வேகம் பிடிக்கிறது. வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள், சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார், பெல்ட்டில் எதுவும் மிச்சமில்லை. பிரமாதம் என்று பாராட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். இதற்கு ஆங்கிலம் எதற்கு? மகன் சோபாவிலிருந்து கீழே இறங்கிவிட்டான்.

அத்தை சிரித்தது அங்கே இல்லை. அதே பகுதியில் வீட்டில் சமைக்கும் லூசியின் கணவன் ரிக்கி, தலைக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டு அரிசியைப் பானையில் கொட்டுகிறான். அது பொங்கி, மூடியைத் தள்ளி, அடுப்பில் வழிந்து, தரையில் இறங்குகிறது. கல்யாணச் சமையல்காரன்கூட ஆளுக்கு இவ்வளவு போடமாட்டானே என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரஷர் குக்கர் வெடித்துக் கோழி மேலே போனபோது, கேஸ்கட் போயிருக்கும் என்று தொழில்நுட்ப விளக்கமும் கொடுத்தார்.

லூசியின் பலம் இதுதான். பால்யத்தில் படித்த மொழி எதுவாக இருந்தாலும் புரிகிற உடம்பு மொழி. எங்கள் வீட்டுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ரிக்கியாக நடித்த டெசி அர்னாஸ் கியூபாவில் பிறந்தவர். கோபம் வந்தால் ரிக்கி ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவான். என் கணவர் மெக்கானிக்கிடம் போனில் பேசிவிட்டு வைத்ததும் தமிழில் சொல்வதை நினைத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த உச்சரிப்புள்ளவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று சிபிஎஸ் தயங்க, இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடை ஏறிக் காட்டிய பிறகுதான் தொடருக்கு வழி பிறந்தது.

குறையும் சொல்ல வேண்டும். செலவுக்குக் கணவனிடம் கை நீட்டுவது, அவனுக்குத் தெரியாமல் பொய் சொல்வது, மாட்டிக்கொள்வது என்ற சக்கரம் பத்துப் பகுதிகளுக்குப் பிறகு தேய்கிறது. சில பகுதிகளில் ரிக்கி மனைவியைக் குழந்தையைப்போல் மடியில் கவிழ்த்து அடிக்கிறான், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். என் மகள் சிரிக்கமாட்டாள். அவள் சிரிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இல்லை.

ஹனிமூனர்ஸில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. புரூக்ளினில் பஸ் ஓட்டும் ரால்ஃப், சாக்கடைப் பணியாளன் நார்ட்டன், ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு ஐஸ்பெட்டி, ஒரு தொட்டி, ஒரு ஜன்னல். இவ்வளவு வறுமையான வீட்டை அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் அபூர்வமாகத்தான் காட்டியிருக்கின்றன. ஜாக்கி கிளீசன், ஆர்ட் கார்னி என்ற இரண்டு நடிகர்களின் ஜோடிப் பொருத்தம் நான்கு தொடர்களிலும் உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ரால்ஃப் முஷ்டியை உயர்த்தி, உன்னை நிலாவுக்கு அனுப்புகிறேன் பார் என்று மனைவியைப் பார்த்துக் கத்துவது அந்தத் தொடரின் பல்லவி. அவன் ஒருநாளும் அடித்ததில்லை, ஆலிஸ் ஒருநாளும் பயந்ததில்லை, கடைசியில் அவளை அணைத்துக்கொண்டு உன்னைப்போல் உண்டா என்பான். இதையெல்லாம் விளக்கிச் சொல்லலாம். எட்டு வயதுப் பையனுக்கு இரவுதோறும் விளக்க முடியாது. மாமியார் நகைச்சுவைக்கு மட்டும் எங்கள் வீட்டில் எதிர்பாராத ஆதரவு கிடைத்தது. ரால்ஃப் மாமியாரைத் திட்டத் திட்ட அத்தைதான் உரக்கச் சிரித்தார். நான் கவனமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே என்பிசியில் பெர்ரி கோமோவின் நிகழ்ச்சி ஏற ஏற இந்தத் தொடர் இறங்கி, 1955-56 என்ற ஒரே சீசனோடு நின்றது. பிறகு அந்த 39 பகுதிகளையே நியூயார்க்கின் 11ஆம் சேனல் பல பத்தாண்டுகள் ஓட்டி, நகரத்தின் பொதுச்சொத்தாக்கியது. ஆலிஸாக நடித்த ஆட்ரி மெடோஸின் அண்ணன் ஒரு வக்கீல். மறுஒளிபரப்புக்கும் சம்பளம் உண்டு என்ற வரியை ஒப்பந்தத்தில் அவர் நுழைத்துவிட்டதால், அந்த 39க்கும் தங்கைக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. நார்ட்டனுக்கு வரவில்லை. வீட்டில் ஒரு வக்கீல் இருப்பது நல்லதுதான்.

ஆண்டி கிரிஃபித் ஷோவை வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், ஊறுகாய் வந்து தடுத்தது. வட கரோலினாவில் மேபெரி என்ற கற்பனைச் சிற்றூர். துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஷெரிஃப் ஆண்டி, தாயில்லாத மகன் ஓப்பி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பீ அத்தை, உதவி ஷெரிஃபாக டான் நாட்ஸ். 1961இல் வந்த ஒரு பகுதியில் பீ அத்தை போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய் வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது. மண்ணெண்ணெய் வாடை. மனசு நோகக் கூடாது என்று ஆண்டியும் உதவியாளனும் அதை ரகசியமாக எடுத்துவிட்டுக் கடை ஊறுகாயை நிரப்பி வைக்கிறார்கள். பாராட்டில் மகிழ்ந்த பீ அத்தை, அதையே கண்காட்சிப் போட்டிக்கு அனுப்பக் கிளம்புகிறார். அது மோசடி ஆகிவிடுமே! வேறு வழியில்லாமல் கடை ஊறுகாய் முழுவதையும் இருவரும் தின்று தீர்க்கிறார்கள், அவர் புதிதாகப் போடட்டும் என்று. நான் ஒரு முறை ஆவக்காயில் உப்பைக் குறைத்துப் போட்டு ஊசிப்போனதும், வீட்டில் யாரும் வாய் திறக்காததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு சீசனிலும் முதல் ஏழு இடங்களுக்குள் நின்று, முதலிடத்தில் இருக்கும்போதே முடிந்த தொடர் இது. தூண்டில் போட்டுக்கொண்டு காத்திருக்கிற நிதானம் அதன் அழகு. பன்னிரண்டு வயதுக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. இது தொடங்கிய 1960ஆம் வருடம்தான் அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் சாப்பிடும் கவுண்டரில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். மேபெரியில் கறுப்பர் யாரும் பேசுவதைக் கேட்கவே எத்தனையோ சீசன் காத்திருக்க வேண்டும்.

டிக் வான் டைக் ஷோ 1963 செப்டம்பரில் போட்ட ஒரு பகுதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாயகன் ராப் (வான் டைக்), மருத்துவமனையில் பிள்ளை மாறிவிட்டது என்று முடிவுகட்டுகிறான். பூ மாறி வந்திருக்கிறது, சாப்பாடு மாறி வந்திருக்கிறது, அப்படியானால் குழந்தையும்தான். அந்த இன்னொரு தம்பதியை வீட்டுக்கே வரவழைத்துவிடுகிறான். கதவைத் திறக்கிறான். நிற்பவர்கள் கறுப்பினத் தம்பதி. ராப் பேச்சற்று நிற்க, வந்தவர்கள் புன்னகையோடு அவனைப் பார்க்கிறார்கள். முட்டாள் அவன் ஒருவன்தான், வந்தவர்கள் அல்ல. மகள் அந்தக் காட்சியில்தான் முதல்முறையாகக் காலை மடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்தத் தொடரைக் காப்பாற்றியதில் கோடைக்கும் பங்கு உண்டு. தொடரை உருவாக்கிய கார்ல் ரெய்னர் தன்னையே நாயகனாக வைத்து எடுத்த முன்னோட்டம் விலைபோகாமல், வான் டைக்கை வைத்து மறுபடி எடுத்து 1961 அக்டோபரில் தொடங்கினார்கள். முதல் சீசன் படுத்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று சிபிஎஸ் முடிவு செய்த பிறகு, தயாரிப்பாளர் ஷெல்டன் லெனார்ட் சின்சினாட்டிக்குப் பறந்து, விளம்பரதாரர்களான பிராக்டர் அண்ட் கேம்பிளிடம் நேரில் பேசி உயிர்ப்பிச்சை வாங்கி வந்தார். அந்தக் கோடையில் பழைய பகுதிகளே திரும்ப ஓடின, முதலில் தவறவிட்டவர்கள் பார்த்தார்கள். அடுத்த சீசனில் அந்த வருட முதலிடத் தொடரான பெவர்லி ஹில்பில்லீஸுக்கு அடுத்த அரை மணி நேரமும் கிடைத்தது. ஒன்பதாம் இடம், மறுவருடம் மூன்றாம் இடம். மொத்தம் 15 எம்மி விருதுகள்.

ஆங்கிலம் அதிகம் வேண்டும் என்பதுதான் இதன் தடை. ராப், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதுகிறவன். அலுவலகக் காட்சிகளில் மூன்று பேர் ஒருவர் வாயை ஒருவர் பிடுங்குவார்கள், அத்தைக்குப் பாதி போய்விடுகிறது. ஆனால் வான் டைக்கின் உடம்பில் எலும்பு இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு மொழி தேவையில்லை. இரண்டாம் சீசனிலிருந்து டைட்டிலில் ராப் வீட்டுக்குள் வரும்போது, கால் நீட்டிக்கொள்ளும் குட்டை ஸ்டூல் ஒன்று நடுவில் கிடக்கும். சில சமயம் தடுக்கி உருளுவான், சில சமயம் லாவகமாக விலகுவான், சில சமயம் விலகிவிட்டுப் பிறகு தடுமாறுவான். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. மகன் பாட்டியிடம் முறுக்கைப் பந்தயம் கட்டினான், தோற்றான். மறுநாள் இரவு அதையே போடச் சொல்லி வந்து நின்றான். மனைவி லாராவாக வரும் மேரி டைலர் மூர் கணவனோடு சரிக்குச் சரி நின்று பேசுகிறார். அப்படியும் படுக்கையறையில் கணவனுக்கு ஒரு கட்டில், மனைவிக்கு ஒரு கட்டில். லூசி வீட்டிலும் அதே ஏற்பாடுதான். சண்டையா என்று கேட்டார் அத்தை. அன்றைய தணிக்கை என்று சொன்னேன். அப்படியானால் குழந்தை எப்படி என்று மகன் கேட்பதற்குள் டைட்டிலைத் திரும்ப ஓட்டினேன்.

வண்ணம் பூசிய பிரதிகளைப் பற்றி. லூசியின் வண்ணமேற்றிய கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியை 2013 டிசம்பரில் சிபிஎஸ் போட்டபோது 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், அறுபது வயதுச் சரக்குக்குப் பெரிய கூட்டம். கார்ல் ரெய்னர் இறந்த அதே வாரத்தில், 2020 ஜூலை 3 அன்று, டிக் வான் டைக் ஷோவின் வண்ணமேற்றிய பகுதிகளை அஞ்சலியாக ஒளிபரப்பினார்கள். பிள்ளைகளை இழுக்க முதல் நாள் தூண்டிலாக வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. லூசியின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், படம் சரியாக விழ வேண்டும் என்று செட்டையே சாம்பல் வண்ணங்களில் அமைத்தவர். பூசியவர்கள் யாருடைய சுவருக்கு எந்த நிறத்தை அடித்தார்கள்? தவிர, மகனுடைய நிறப் புகார் சரியாக இரண்டு பகுதிதான் நீடித்தது.

எங்கே பார்ப்பது என்பது தொடரைத் தேர்வதைவிட முக்கியமாகிவிட்டது. அன்றைய அரை மணி நேரத் தொடரில் கதை மட்டும் இருபத்தைந்து, இருபத்தாறு நிமிடம் ஓடும். இன்றைய அரை மணியில் விளம்பரம் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு, ஆகவே வெட்டுகிறார்கள். ஆன்டெனாவில் இலவசமாக வரும் பழைய நிகழ்ச்சிச் சேனல்களில் ஒன்றில் சாக்லெட் பகுதியைப் போன வருடம் பார்த்தபோது, அரிசி பொங்குவதற்கு முன்னாலேயே விளம்பரத்துக்குப் போய், திரும்பி வந்தால் தரை முழுக்கச் சோறு. பொங்குவதைக் காணோம். அத்தை சிரித்த இடமே அதுதானே. டிஸ்க் வாங்குங்கள், நூலகத்தில் கேளுங்கள், அல்லது முழு நீளம் ஓடுகிறதா என்று நிமிடத்தைப் பார்த்துவிட்டு ஸ்ட்ரீமிங்கில் பாருங்கள்.

எங்கள் முடிவு இது. முதல் வாரம் லூசி, பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பகுதிகள். மடியில் கவிழ்த்து அடிக்கிற பகுதிகள் பட்டியலில் இல்லை. அதன் பிறகு கோடை முழுக்க டிக் வான் டைக், முதல் சீசனை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து. ஸ்டூல் பந்தயம் அங்கேதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆண்டி, அத்தைக்காக. ஆங்கிலம் தடையில்லாத வீடாக இருந்தால் லூசி வாரத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹனிமூனர்ஸில் ஒன்றே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பாட்டுப் போட்டிக்காக ரால்ஃப் ராத்திரியும் பகலும் பாட்டுகளை மனப்பாடம் செய்கிறான். பியானோ வாசிக்கும் நார்ட்டன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், விரல் சூடேற, அதே ஒரு மெட்டைத் தட்டுகிறான். ரால்ஃபுக்கு எரிச்சல் மண்டுகிறது. போட்டியில் முதல் கேள்வி எந்த மெட்டு என்பதைச் சொல்லமாட்டேன். அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு போடலாம் என்றிருக்கிறேன். பெட்டி கட்டி, எடை பார்த்து, இரண்டு கிலோ அதிகம் என்று சண்டை முடிந்த பிறகு.